கேட்காமல் போன கேள்விகள்: பொங்கலூர் வட்டாரத்தின் வாதப் பிழைகள்

"காத்தாடி வந்த பொறகுதானுங்க மழை போச்சு." கோவை-திருச்சி சாலையில் பல்லடத்தைத் தாண்டிப் பொங்கலூர்ப் பக்கம் வருகிறவர் டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இதைக் கேட்கலாம். காத்தாடி என்றால் இங்கே காற்றாலை. சொல்பவர் விவரம் தெரியாதவர் இல்லை. பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவராக இருக்கலாம், விசைத்தறி போட்டிருப்பவராக இருக்கலாம், பத்து ஏக்கர் தோட்டக்காரராக இருக்கலாம். நூல் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் ஒரு பனியனுக்கு எவ்வளவு கூடும் என்று காகிதம் இல்லாமலே சொல்லிவிடுவார். அவரேதான் மழையைப் பற்றியும் கோழியைப் பற்றியும் வெளிமாநிலத்தானைப் பற்றியும் பேசும்போது காரணம் எது, விளைவு எது என்று பார்க்காமல் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்.

கல்விக்குறை என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. படித்தவர்களும் இதே பிழைகளைச் செய்கிறார்கள். இந்த வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் சில வாதங்களை எடுத்து, அவை எங்கே வழுக்குகின்றன என்று இந்தக் கட்டுரை பார்க்கிறது. ஒரு பொய்யை நம்ப வைப்பதோடு பிழையான வாதம் ஓய்ந்துவிடுவதில்லை. நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வியின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஊருக்கு வரும் பெரிய நட்டம் அதனால்தான்.

மணிமேகலை தரும் அளவுகோல்

போலி வாதங்களை இனம் பிரிக்கும் வேலை தமிழுக்குப் பழையது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 29ஆம் காதையான 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை'யில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இயலைப் பாடமாகச் சொல்கிறார். ஒரு வாதத்துக்கு மூன்று உறுப்புகள் போதும்: நிறுவ வேண்டிய கூற்றான பக்கம், அதற்குக் காட்டும் காரணமான ஏது, எடுத்துக்காட்டான திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். அங்கே புகை தெரிகிறது என்பது ஏது. அடுக்களை திட்டாந்தம். இந்த மூன்றிலும் போலிகள் நுழையும். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என மொத்தம் 33 போலிகளை அந்தக் காதை வரிசைப்படுத்துகிறது. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற வடமொழிப் பௌத்த நூலின் பகுப்போடு இது ஒத்துப்போகிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் தொகுத்தவை 13.

எண்ணிக்கையைவிட நமக்குப் பயன்படுவது அந்த மரபு காரணத்துக்கு வைக்கும் மூன்று சோதனைகள். ஒன்று, சொல்லப்படும் காரணம் பேசப்படும் பொருளில் மெய்யாகவே இருக்க வேண்டும். இரண்டு, அதை ஒத்த இடங்களிலும் அது காணப்பட வேண்டும். இந்த இடங்களுக்குச் சபக்கம் என்று பெயர். மூன்று, விளைவு இல்லாத இடங்களில் அந்தக் காரணம் இருக்கவே கூடாது, அவை விபக்கம். நெருப்பே இல்லாத நீர்நிலையில் புகை எழுமானால் புகையை வைத்து நெருப்பை நிறுவ முடியாது. முதல் இரண்டு சோதனைகளை நாம் அறியாமலே செய்துவிடுகிறோம். மூன்றாவதைச் செய்கிறவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை விபக்கத்தைப் பார்க்காததால் வருபவை.

காற்றாலையும் மழையும்

ஒன்றன் பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்வது மிகப் பரவலான பிழை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பல்லடம், கேத்தனூர், பூளவாடி, உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகள் வரிசையாக எழுந்தன. அதே ஆண்டுகளில் சில பருவங்கள் பொய்த்தன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாகிவிட்டது.

விபக்கத்தைப் பார்ப்போம். காற்றாலைகள் நெருக்கமாக நிற்கும் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் ஆண்டு முழுக்க மழை உண்டு. காற்றாலை எட்டிப் பார்க்காத எத்தனையோ ஊர்கள் வறட்சியில் கிடக்கின்றன. காற்றாலையின் உச்சி நூறு மீட்டரை ஒட்டி நிற்கிறது. மழைத்துளி திரண்டு உருவாவது கிலோமீட்டர் கணக்கான உயரத்தில். காற்றாலைப் பண்ணைகள் தரையை ஒட்டிய இரவு வெப்பத்தைச் சிறிதளவு கூட்டுவதை டெக்சாஸ் மாநிலத்துச் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2012இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பருவமழையையே தடுக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

அப்படியானால் காற்றாலையும் குறைந்த மழையும் ஒரே மண்ணில் சேர்ந்து இருப்பது ஏன்? வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இந்த இடைவெளி வழியாக வறண்ட வேகத்தோடு கிழக்கே பாய்கிறது. பாலக்காட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழை, திருப்பூர் வட்டாரத்தில் 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். மழை மறைவும் பலத்த காற்றும் ஒரே நில அமைப்பின் இரண்டு விளைவுகள். காற்று பலமாக வீசும் இடம் என்பதால்தான் காற்றாலை இங்கே வந்தது. மழைக்குறைவு அதற்கு முன்பே இருந்தது.

இந்த நம்பிக்கை மறைக்கும் கேள்வி நிலத்தடி நீரைப் பற்றியது. மழை 600 மில்லிமீட்டர் என்றால் அதில் எவ்வளவைக் குளம் குட்டைகளில் நிறுத்துகிறோம், எவ்வளவை மோட்டார் போட்டு இறைக்கிறோம் என்பதுதான் ஊர் கேட்க வேண்டியது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுச் சுற்று முறையில் பாசனம் பெறுகிறது. வாய்க்காலில் தண்ணீர் வராத காலத்தை எப்படித் தாண்டுவது என்ற பேச்சு, காத்தாடியைத் திட்டி முடிக்கும்போது முடிந்துபோகிறது.

ஆயிரம் அடிக்குக் கீழே

தண்ணீர் என்றால் இங்கே ஆழ்துளைக் கிணறான போர்தான். போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்கிறவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டோ, வேப்பங்கவையைப் பிடித்துக்கொண்டோ தோட்டத்தில் நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போவார். "அவரு சொன்ன எடத்துல எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு இஞ்ச் தண்ணி வந்துச்சுங்க" என்பது சான்று.

அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்த போர்கள் எல்லோருக்கும் நினைவில் இருக்கின்றன. வராதவற்றுக்குப் பாறையும் கிரகமும் காரணமாகிவிடுகின்றன. அவர் வேண்டாம் என்று சொன்ன இடங்களில் யாரும் போர் போடுவதே இல்லை. அங்கேயும் தண்ணீர் இருந்திருக்குமா என்பது தெரியவே போவதில்லை. விபக்கம் அடியோடு காணாமல் போகும் இடம் இது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1987-88இல் இதைச் சோதித்தார்கள். சுமார் 500 நீரோட்டக்காரர்களில் திறமையானவர்கள் என்று 43 பேரைத் தேர்ந்து, ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி வைத்து, மேல்தளத்திலிருந்து கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 843 சோதனைகள் நடந்தன. சோதனை நடத்தியவர்கள் சிலருக்கு அந்தத் திறன் இருப்பதாக எழுதினார்கள். 1999இல் அதே தரவுகளை ஜிம் என்ரைட் திரும்ப ஆராய்ந்து, குருட்டாம்போக்கில் சொன்னாலும் கிடைத்திருக்கும் முடிவைவிட அவை மேலானவை இல்லை என்று காட்டினார்.

இடம் முடிவானபின் இன்னொரு பிழை காத்திருக்கிறது. ரிக் வண்டி பெரும்பாலும் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும். இரவு முழுக்கக் கம்ப்ரசர் இரையும். 20 அடி ராடு ஒவ்வொன்றாக இறங்கும். ஐம்பதாவது ராடு இறங்கும்போது ஆயிரம் அடி. குழி வாயிலிருந்து வெளியே வருவது வெறும் வெள்ளைப் புழுதி. குடும்பமே வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரிக்காரர் கேட்பார்: "ஏனுங்ணா, இன்னொரு அம்பதடி உட்டுப் பாக்கலாமுங்களா?" தோட்டக்காரர் சொல்வார்: "இத்தன போட்டாச்சு, இனி உட முடியுமா? போடுங்க."

'இத்தன போட்டாச்சு' என்பதுதான் பிழை. ஆயிரம் அடிக்குக் கொடுத்த பணம் நிறுத்தினாலும் வராது, தொடர்ந்தாலும் வராது. அந்த நேரத்தில் எடைபோட வேண்டியவை இரண்டே: அடுத்த ஐம்பது அடிக்கு ஆகும் செலவு, அதில் தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு. ஆழம் கூடக்கூட அடிக்கான கூலி ஏறுகிறது. கடினப் பாறையில் நீர் தங்குவது வெடிப்புகளில். ஆழத்தில் பாறையின் அழுத்தத்தால் வெடிப்புகள் பொதுவாகக் குறைகின்றன. செலவு கூட வாய்ப்பு குறையும் இடத்தில்தான் மனம் விடமாட்டேன் என்கிறது. போட்ட முதலைப் பார்த்து மேலும் முதல் போடும் இந்த மனப்போக்கை ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985இல் ஆய்ந்தார்கள். நாடகப் பருவச்சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிகமாக நாடகம் பார்க்க வந்தார்கள். நாடகம் ஒன்றேதான், கொடுத்த பணம்தான் வேறு.

ரிக் வருவதற்கு முன்பே, எத்தனை அடியோடு நிறுத்துவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்வது ஒன்றே இதற்கு மருந்து. வேளாண் பொறியியல் துறையில் மின்தடை ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் உறுதி தராது. ஆனால் தவறியதையும் சேர்த்துக் கணக்கு வைக்கக்கூடிய முறை அது.

கோழி மீதான வழக்கு

பல்லடம், பொங்கலூர்ப் பகுதி கறிக்கோழிக்குப் பெயர் பெற்றது. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்க, விவசாயி கொட்டகை போட்டு வளர்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறார். இந்தக் கோழி மீது ஊரே சொல்லும் குற்றச்சாட்டு ஒன்று: "ஹார்மோன் ஊசி போட்டுத்தான் 40 நாளில் ரெண்டு கிலோ ஆக்குறாங்க. அதைத் தின்னுதான் பெண் பிள்ளைங்க சீக்கிரம் வயசுக்கு வந்துடுதுங்க."

பண்ணைக்காரர் மறுத்தால், "நீங்க பண்ணை வெச்சிருக்கறீங்க, அப்படித்தான் சொல்லுவீங்க" என்று வாயடைத்துவிடுவார்கள். பேசுபவருக்கு ஆதாயம் இருப்பது அவர் சொல்வதைச் சரிபார்க்கக் காரணமாகும். அவர் சொல்வது பொய் என்று அது நிறுவாது. ஆளை அடித்து வாதத்தை வென்றதாக எண்ணும் பிழை இது.

சரிபார்ப்போம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துவிடும். பலன் வேண்டுமானால் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கின்றன, கூலியே கட்டுபடியாகாது. கொட்டகையில் மருந்து கொடுப்பதைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பார்த்தது, வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு எதிராகக் கண்ணில் சொட்டாகவும் குடிநீரிலும் கொடுக்கும் தடுப்பு மருந்தை. வேக வளர்ச்சிக்குக் காரணம் இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 1957, 1978, 2005 ஆகிய காலத்து மூன்று கோழி இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டது. 56 நாளில் முதல் இனம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். வேறுபட்டது இனம் மட்டுமே.

பெண் பிள்ளைகள் பருவமடையும் வயதுக்கும் விபக்கம் உண்டு. வட ஐரோப்பிய நாடுகளின் பதிவுகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 16, 17 என்று இருந்த வயது, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 13ஐ ஒட்டி வந்துவிட்டது. கறிக்கோழித் தொழில் பெருகுவதற்கு முன்பே பெரும்பகுதி இறக்கம் நடந்து முடிந்தது. ஊட்டம் கூடியதும் நோய் குறைந்ததும் அதற்கு முதன்மையான காரணங்கள்.

இந்தப் பிழை மறைக்கும் கேள்வி மிகக் கூர்மையானது. ஹார்மோனைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆன்டிபயாட்டிக்கைப் பற்றிப் பேசாமல் விட்டோம். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் டெல்லி வட்டாரத்தில் எடுத்த 70 கோழி மாதிரிகளில் 40 விழுக்காட்டில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமி எந்த வீட்டுக்கும் வரும். கம்பெனியிடமும் அரசிடமும் ஊர் கேட்க வேண்டியது அதை. கேட்டதோ இல்லாத ஊசியை. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வதந்தியில் பண்ணை விலை சரிந்தபோதும் அடிபட்டவர்கள் இதே பண்ணைக்காரர்கள்தான்.

பட்டறை வெங்காயம்

பொங்கலூர், குண்டடம் பகுதிகளில் சின்ன வெங்காயம் முக்கியப் பயிர். அறுவடையின்போது விலை இறங்கினால் விவசாயி விற்க மாட்டார். தாளோடு காயவைத்து, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய காற்றோட்டமான பட்டறையில் சேர்த்து வைப்பார். இரண்டு மூன்று மாதம் கழித்து விலை ஏறும்போது பிரிப்பார். தனி ஒருவருக்கு இது நல்ல புத்தி. ஊரே பட்டறை போட்டு, ஒரே மாதத்தில் ஊரே பிரித்தால் விலை படுத்துவிடும். ஒருவருக்குப் பொருந்துவது எல்லோருக்கும் சேர்த்தும் பொருந்தும் என்று கொள்வது தனிப் பிழை.

நடவிலும் இதுவே. போன பட்டத்தில் நல்ல விலை போயிற்று என்றால் இந்தப் பட்டத்தில் எல்லாத் தோட்டத்திலும் வெங்காயம். விலை விழும். அடுத்த பட்டத்தில் யாரும் போட மாட்டார்கள், விலை ஏறும். 1938இல் மோர்டெகாய் எசக்கியேல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இந்தச் சுழற்சியைச் 'சிலந்திவலைத் தேற்றம்' என்று விளக்கி எழுதினார். வியாபாரி ஏமாற்றுகிறார் என்ற ஒற்றைக் குற்றச்சாட்டு, அது சில நேரம் உண்மையாகவே இருந்தாலும், எத்தனை ஏக்கரில் நடவு நடந்திருக்கிறது என்ற தகவல் விதைக்கும் முன் விவசாயிக்கு ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வியை அமுக்கிவிடுகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சின்ன வெங்காயத்துக்கும் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது ஊர்ச்சாவடி வரை வந்து சேர வேண்டும்.

மாதாமாதம் வந்த பணம்

மாதாமாதம் பணம் வரும் என்று சொல்லி முதலீடு திரட்டிய சுசி ஈமு பண்ணை, பெருந்துறையில் 2012 ஆகஸ்டில் சரிந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரிலேயே பாசி ஃபாரெக்ஸ் நிறுவனம் சுமார் 930 கோடி ரூபாய் டெபாசிட் திரட்டி ஏமாற்றியது. அந்த வழக்கில் 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இரண்டிலும் பணம் போட்டவர்கள் சொன்ன சான்று ஒன்றே: "எனக்கு மாசாமாசம் வந்துட்டுத்தானே இருக்குது." பக்கத்து வீட்டுக்காரருக்கும் வந்தது, உறவினருக்கும் வந்தது.

வந்தது உண்மை. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்காமல் விட்ட கேள்வி. புதிதாகச் சேர்கிறவரின் முதலே பழையவருக்கு வட்டியாகப் போகும்போது, ஒழுங்காக வரும் ஒவ்வொரு மாதத் தொகையும் சரிவை நெருக்குகிறது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912இல் எழுதிய 'தத்துவத்தின் சிக்கல்கள்' நூலில் ஒரு கோழியைக் காட்டுகிறார்: தினமும் தீனி போட்ட கையே ஒருநாள் அதன் கழுத்தைத் திருகுகிறது. கோழி வளர்க்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேற்று வரை நடந்தது, எதனால் நடந்தது என்று தெரியாதவரை, நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. ஈமு முட்டையை, ஈமு கறியை யார் வாங்குகிறார்கள் என்று சந்தையில் போய் விசாரித்திருந்தால் விடை அன்றே கிடைத்திருக்கும்.

2023இன் பாடம்

மற்றப் பிழைகள் பணத்தையும் பயிரையும் தின்றன. 2023இல் வந்தது மனித உயிரோடு விளையாடியது.

அந்த ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் ஒரு தகராறில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களைத் துரத்தும் வீடியோ பரவியது. உடனே, "வடக்கனுங்க ஊரைப் புடிச்சுட்டானுங்க" என்ற பேச்சு கிளம்பியது. பிப்ரவரி இறுதியில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பறந்தன. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலையின் காட்சி. திருப்பூரில் ரயில் பாதையில் ஒரு தொழிலாளி இறந்துகிடந்தபோது அது கொலை என்று நம்பிய நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். ரயில் மோதியதைக் கண்காணிப்புக் கேமராப் பதிவைக் கொண்டு போலீசார் விளக்கினார்கள். வதந்தியை மறுத்து அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு வீடியோ வெளியிட்டார். பீகார் அரசு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி பாலமுருகன் தலைமையில் நால்வர் குழுவை அனுப்பியது. குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது.

அப்போது வலுவான சான்றுபோல் தோன்றியது ரயில் நிலையக் கூட்டம். மூட்டை முடிச்சோடு வடக்கே போகும் ரயில்களில் ஏறியவர்களைக் காட்டி, "பாருங்கள், ஓடுகிறார்கள்" என்றார்கள். அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. ஹோலிக்கு ஊர் போவது இத்தொழிலாளர்களுக்கு வழக்கம். பயத்தால் கிளம்பியவர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் முந்தைய ஆண்டு அதே வாரத்தில் எத்தனை பேர் ரயில் ஏறினார்கள் என்று பார்க்காமல், அந்தக் கூட்டத்தைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது.

இரண்டு தரப்பும் செய்தது ஒரே பிழை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்திருப்பதால். பல மாவட்டங்களிலிருந்து பல ஆயிரம் குடும்பங்களிலிருந்து வந்த மனிதர்கள் ஒரே பானையில் வெந்தவர்கள் இல்லை. சண்டை போட்ட பத்துப் பேரைக் கொண்டு பீகாரையும், ஒரு தகராறைக் கொண்டு தமிழ்நாட்டையும் தீர்ப்பிட்டால் இரண்டும் பொய்த்தீர்ப்பே.

மறைந்த கேள்விகள் இங்கேதான் அதிகம். ஒரே அறையில் பத்துப் பேர் ஷிப்டு மாற்றி மாற்றித் தூங்கும் நிலைமை, பீஸ் ரேட் கூலி, ஏஜென்ட் எடுக்கும் பங்கு, வந்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979இலேயே வந்துவிட்டது. அது பொங்கலூர் ஸ்பின்னிங் மில்லிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் எவ்வளவு நடந்தது என்று கேட்டவர்கள், வீடியோவைப் பகிர்ந்தவர்களில் ஒரு சிறு பங்குகூட இருக்க மாட்டார்கள்.

தொழிலா, ஆறா?

இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய போலி வாதம் இரட்டைத் தேர்வு வடிவில் வந்தது: சாயப்பட்டறை வேண்டுமா, நொய்யல் ஆறு வேண்டுமா? நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று எழுந்தது. சாயக்கழிவு தேங்கும் குட்டையாக முடிந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாயப்பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. கழிவு ஓடுவது நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. ஊரே பட்டினியாகிவிடும் என்றது ஒரு குரல். ஆலைகள் ஒழிந்தால்தான் விமோசனம் என்றது இன்னொரு குரல்.

மூன்றாவது வழி இருந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாமல் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்புநீரையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை. பல்லடம் சாலையில் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இதற்கு முன்மாதிரி ஆனது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாயை எட்டியது. தீர்ப்பால்தான் ஏற்றுமதி வளர்ந்தது என்று சொன்னால் காத்தாடி வாதத்தையே நாமும் செய்தவர்களாவோம். தீர்ப்பு வந்தால் தொழில் செத்துவிடும் என்ற கணிப்பு பொய்த்தது, அவ்வளவே சொல்லலாம். அந்த வழி இலவசமாகவும் வரவில்லை. செலவைத் தாங்க முடியாத சிறிய பட்டறைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. சுத்திகரிப்புச் செலவில் பனியன் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை இரட்டைத் தேர்வு இருபது ஆண்டுகள் மூடி வைத்திருந்தது. இன்னும் அதற்கு நேர்மையான விடை இல்லை.

நாம் செய்யக்கூடியது

மேலே பார்த்தவற்றில் எந்தப் பிழையையும் தீர்க்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. பெரும்பாலானவற்றைத் தீர்த்தது ஒரு பழக்கம். காரணம் என்று ஒன்றைச் சொன்னதும், அந்தக் காரணம் இருந்தும் விளைவு இல்லாத இடம் எது என்று தேடும் பழக்கம். அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்: கணக்கில் வராமல் விட்டுப்போனவர்கள் யார், இரண்டைத் தவிர மூன்றாவது வழி உண்டா? இந்த மூன்று கேள்விகளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அவன் ஊர் எடுத்துக்காட்டுகளைக் கொண்டே சொல்லிக்கொடுக்க முடியும். மணிமேகலையைக் கதைச்சுருக்கமாகவும் அட்சய பாத்திரமாகவும் மட்டும் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் 29ஆம் காதையையும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதில் இருப்பது மதப் பாடம் என்று ஒதுக்கத் தேவையில்லை. சிந்திக்கும் பயிற்சி அது.

வாதத்தில் தோற்ற மனிதரை அவமானப்படுத்தும் பழக்கத்தையும் விட வேண்டும். காத்தாடியைக் குறை சொல்லும் தோட்டக்காரர் தன் காய்ந்த கிணற்றைப் பற்றித்தான் பேசுகிறார். கோழியைப் பழிக்கும் தாய் தன் மகளின் உடல்நலத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். அவர்கள் கவலை மெய். அதற்குக் கிடைத்த காரணம்தான் போலி. போலியைச் சுட்டிக்காட்டுகிறவர் அந்தக் கவலைக்கு உரிய மெய்யான கேள்வியையும் கையோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவரும் பாதி வேலைதான் செய்தவர்.

உங்கள் கைப்பேசிக்கு அடுத்து வரும் வீடியோவில், கிராமசபையில் அடுத்து எழும் சண்டையில், வீட்டில் அடுத்துப் போடப்போகும் போரில் இந்த மூன்று கேள்விகளையும் ஒருமுறை கேளுங்கள். விடை தெரியும்வரை தீர்ப்பைத் தள்ளிவையுங்கள்.